கண்ணில் பட்ட நுரை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. டி.வி.யில் பார்த்தேன், நலமாகத்தான் இருக்கிறாய். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. அந்தத் தாடியை மட்டும் எடுத்துத் தொலை, பார்க்கச் சகிக்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும். இந்த வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் கொட்டாவி விட்டால் இங்கே கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் வாலு எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். இரண்டாம் வகுப்பு போனதிலிருந்து அவள் மருந்துச் சீட்டைக்கூட விடுவதில்லை. அதனால் லேபில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. தபால் உறையை உன் அண்ணனிடம்தான் வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்து மேசையில் வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. அதுதான் இப்போது பிரச்சினையே.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக உன் படத்துக்குப் போனோம். உன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை. தியேட்டர் வாசலில் போஸ்டரில் உன் பேரைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழிக்கிற ஆளிடம், "டைரக்டர் என் தம்பிங்க" என்றார். அந்த ஆள், "சரி சார், வழியை விடுங்க" என்றான். இடைவேளை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். கொழுந்தன் இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு ஒரு டப்பின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அண்ணி அவன் தலைக்கு ஷாம்பு போட்டுத் தேய்க்கிறாள். வீட்டில் வேறு ஆள் இல்லை, அவள் புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிறானாம். நுரை அவன் கண்ணில் போகிறது. அவள் முந்தானை நுனியால் இமையைத் தூக்கிப் பிடித்து ஊதுகிறாள். மறுபடி ஊதுகிறாள். அப்புறம் ஊதாமல் அப்படியே நிற்கிறாள். அவன் கண்ணைத் திறக்கிறான். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. குழாய் சொட்டுகிறது, சொட்டுகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது, நீ அதை நிறுத்தவே மாட்டேன் என்கிறாய். பட்டென்று திரை இருட்டாகிறது. அடுத்ததில் அவன் பெட்டியோடு பஸ்ஸில் போகிறான். ஏன் போகிறான் என்று கடைசி வரை ஒருத்தரும் சொல்வதில்லை.

பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். உன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் சோளப்பொரி அப்படியே இருந்தது. வாலு மட்டும், "அம்மா, எனக்கும் இப்படித்தான் எரியும்" என்றாள்.

வெளியே வந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லா எடுத்திருக்கான்" என்றார். அவ்வளவுதான், அன்றோடு மனுஷன் வாயில் பூட்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே பயம் தெளிய வைப்பார் என்று கம்பெனியில் பேர் வாங்கியவர். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். வாலுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு முன்னறையில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். கேட்டால் முதுகு வலியாம். இத்தனை வருஷம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறி வலிக்காத முதுகு, உன் படத்தைப் பார்த்ததும் வலிக்கிறது.

இதற்கு மேல் உன் பேட்டி வேறு. "இது எங்க வீட்டுல நடந்ததுதான்" என்கிறாய். பேட்டி எடுக்கிற பெண், "அப்போ அந்த சீன்ல இருக்கறது பாசமா, வேற ஏதாவதா?" என்று கேட்கிறாள். நீ சிரிக்கிறாய். "அதைப் படம் பாக்குறவங்க முடிவு பண்ணட்டும்." டேய், படம் பார்க்கிறவர்கள் முடிவு பண்ணிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் படம் பார்த்த ஒருத்தரோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறேன். பாசம் என்று மூன்றெழுத்துச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா? அந்தச் சிரிப்பு எதற்கு?

ஷூட்டிங்கில் லைட் கம்பத்திலிருந்து விழுந்து இரண்டு கையையும் உடைத்துக்கொண்டு நீ எங்களிடம் வந்தாய். ஊட்டிவிட்டேன், தலை தேய்த்துவிட்டேன், மூக்குச் சிந்திவிட்டேன். மூக்குச் சிந்தியதைப் படத்தில் காணோமே? அப்போது வாலு எனக்கு வயிற்றில் ஆறு மாசம். உன் படத்து அண்ணிக்கு வயிறே இல்லை. வீட்டில் நான் எந்தக் காலத்தில் சேலை கட்டினேன்? நைட்டிக்கு ஏதடா முந்தானை? நான் ஊதியதாகவும் எனக்கு நினைவில்லை. சினிமாவுக்கு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாய் போல. சரி, சேர்த்துக்கொள். ஆனால் அதை உன் அண்ணனிடம் சொல். "அண்ணா, அது சும்மா சினிமாவுக்காக" என்று ஒரு வரி போதும். வீட்டு முகவரிக்கே எழுது.

வேளைக்குச் சாப்பிடு. பெண் பார்க்கட்டுமா என்று இந்த முறையும் கேட்கிறேன். வழக்கம்போல் மழுப்பு.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எடிட்டிங் அறையில் நின்றுகொண்டே படித்தேன். சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வரவில்லை. தாடியை எடுத்துவிட்டேன்.

அண்ணி, படத்துக்காக எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், உண்மைதான். வீடு வேறு, ஜன்னல் வேறு, ஸ்டூல்கூட வேறு. ஆறு மாத வயிறு இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கதை வேறெங்கோ போய்விடும் என்று அதையும் எடுத்தேன். அண்ணன் பாத்திரம் வீட்டில் இருந்தால் அந்த அறையில் அமைதியே வராது என்று அவரை வெளியூருக்கு அனுப்பினேன். மாற்றாமல் வைத்தது ஒன்றே ஒன்று. ஊதியது. அதை நான் சேர்க்கவில்லை. அது நடந்தது.

உங்களுக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். நாளெல்லாம் யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருப்பவர் நீங்கள், எதையென்று நினைவில் வைப்பீர்கள்? எனக்கு நினைவிருக்கிறது. கண் எரிந்து உயிர் போனது. கையை வைத்துத் துடைக்கக்கூட வழியில்லை. ஒரு துணி நுனி இமையைத் தூக்கியது. ஊதினீர்கள். கண்ணைத் திறந்தபோது எதிரே நீங்கள் நின்றீர்கள். அவ்வளவுதான் அண்ணி. நடித்த பெண்ணிடம்கூட நான் எதையும் விளக்கவில்லை. "ஊதுங்க, அப்புறம் நிக்கணும்னு தோணுற வரைக்கும் நில்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணனிடம் என்னவென்று விளக்குவது? விளக்கினால், விளக்கும்படி ஏதோ இருக்கிறது என்றல்லவா ஆகிவிடும்? அவருக்கு முதுகு வலி நிஜமாகவே இருக்கும். ஒரு நல்ல மெத்தை வாங்கி அனுப்பட்டுமா?

வாலுவுக்கு முத்தங்கள்.

உங்கள்,
தம்பி


பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டு முகவரிக்கு எழுதச் சொன்னேனே, ஏன் லேபுக்கு எழுதினாய்? ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து உன் கடிதத்தையும் பியூன் எல்லார் முன்னாலும் கொண்டுவந்து நீட்டினான். உறையில் உன் கம்பெனி பேர் பெரிதாக அச்சடித்திருக்கிறது. பக்கத்து அறை எக்ஸ்ரே அக்கா, "என்னம்மா, டைரக்டர் லெட்டரெல்லாம் போடுறாரு?" என்றாள். அவள் உன் படத்தை இரண்டு தடவை பார்த்தவள். "அது பாசம்தான்க்கா" என்று நான் சொன்னால், "எலும்புல விரிசல் இருந்தா எனக்குத் தெரியும், இது தெரியாதா?" என்கிறாள். அவளோடு தினம் சண்டை.

தம்பி, நான் நாள் முழுக்க ஊரார் கையைத் தொட்டு நரம்பு தேடுகிற வேலை பார்க்கிறவள். எத்தனை பேருக்கு ஊசி குத்திய இடத்தில் ஊதியிருப்பேன், குழந்தைகளுக்கு, கிழவர்களுக்கு. தொடுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. உனக்கும் ஊதியிருந்தால் ஊதியிருப்பேன், அதில் என்ன? ஆனால் நினைவே இல்லையே என்று இப்போது மண்டை காய்கிறது. குளிக்கும்போது வாலுவின் கண்ணில் சோப்பு போய்விட்டது, ஊதப் போனவள் பாதியில் நின்றுவிட்டேன். உன் படத்துக்காரி மாதிரியே நிற்கிறேனோ என்று தோன்றிவிட்டது. பிள்ளை, "அம்மா, ஊதும்மா!" என்று கத்துகிறாள். என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டாயே, பாவி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனின் கம்பெனி தூரத்து ஊர் ஒன்றில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே போய் இருக்க ஆள் கேட்டார்கள். குடும்பஸ்தர்கள் ஒருத்தரும் கை தூக்கவில்லை. இவர் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் மட்டும் போறேன். பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்குல்ல, உனக்கு லேப் இருக்குல்ல" என்கிறார். எவ்வளவு நாளைக்கு என்றேன். "தெரியல." திரும்பி வருவீங்களா என்று கேட்க வாய் வரவில்லை எனக்கு.

உன் மெத்தையை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அது தாய் மாதிரி, அக்கா மாதிரி, அடுத்த வீட்டு நர்ஸ் மாதிரி, என்ன மாதிரியோ, ஏதாவது ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பு. உனக்குக் கலை. எனக்குக் குடும்பம். அடுத்த மாதக் கடைசியில் அவர் கிளம்புகிறார். புரிகிறதா?

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன பிறகு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். எப்படிண்ணா இருக்கீங்க என்றேன். "இருக்கேன்டா" என்றார். படம் எப்படி என்றேன். "நல்லா எடுத்திருக்க. லைட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். பின்னால் லிஃப்ட் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. வேலை இருக்குடா என்று வைத்துவிட்டார். நான் வேறென்ன செய்யட்டும்?

தாய் மாதிரி என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுத உட்கார்ந்தேன் அண்ணி, சத்தியமாக உட்கார்ந்தேன். எழுதவில்லை. அம்மா போனபோது எனக்கு நினைவு தெரியாத வயது. தாய் எப்படி ஊதுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்காவும் எனக்கு இல்லை. எந்த வார்த்தையைப் போட்டாலும் பொய்யாகிவிடுகிறது. பேர் வைக்க முடிந்திருந்தால் அதைப் படமாக எடுத்திருக்கவே மாட்டேன்.

அதைப் பார்த்து ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் என்றால், அது அவர் மனதில் இருப்பது. என் படத்தில் இருப்பதல்ல. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
தம்பி


மார்ச் 12

என் அருமைத் தம்பிக்கு,

உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டுவதற்கென்றே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எல்லாம் தீர்ந்தது! நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வாலு வெளியே விளையாடப் போயிருந்தாள். இவர் என் கண்ணைப் பார்க்காமல் ஒவ்வொரு சட்டையாக மடிக்கிற அழகைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. பையைப் பிடுங்கி வீசிவிட்டேன்.

"கேட்டுத் தொலைங்களேன்! உங்க தம்பிக்கும் எனக்கும் என்னன்னு வாய் விட்டுக் கேளுங்க! கேக்காம இப்படிக் கொல்லாதீங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது. நின்றால் நிற்கட்டும்.

அவர் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உனக்கும் அவனுக்கும் என்ன? என்ன உளர்ற?"

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி? எதுக்கு இந்தப் பாய்? எதுக்கு இந்த ஊரு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்: "ஊதுனது நான்டி."

"எதை?"

"அவன் கண்ணுல. ஊதுனது நான். நீயா ஊதுன? வயித்தை வச்சிக்கிட்டு உன்னால குனிய முடிஞ்சுதா? கை ரெண்டும் நுரை. 'ஏங்க, இங்க வாங்க, இங்க வாங்க'ன்னு கத்துன. வெந்நீர் வாளியைக் கீழ வச்சிட்டு ஓடி வந்து, தோள்ல கெடந்த துண்டு நுனியால இமையைத் தூக்கி, நான்தான் ஊதுனேன். 'இன்னொரு தடவை'ன்னான். மறுபடி ஊதுனேன். அடுப்புல பால் பொங்குதுன்னு அணைக்கப் போயிட்டேன். நான் அந்த ரூம்லயேதான் இருந்தேன். அவன் படத்துல நான் வெளியூர்ல இருக்கேன்."

அவர் நிறுத்தவில்லை.

"அவன் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே, கண்ணுல தூசி விழுந்தா என்கிட்டதான் ஓடி வருவான். 'ஊதுண்ணா'ம்பான். அவ்ளோ பேரு உக்காந்து பாக்குறாங்க, அதுல நான் இல்ல. சரி, வெளியூர்லதான் இருக்கணும்னா வெளியூருக்கே போயிடுறேன்."

"என்னை சந்தேகப்படலையா நீங்க?"

"லூசா நீ? உன்னைப் போய்?" என்றார். அதற்கப்புறம்தான் தம்பி, அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் எல்லாம் திரும்பி வந்தது. அந்தத் துண்டு, நீலக் கோடு போட்டது. அவர் கீழே வைத்த வாளி தளும்பி என் காலில் வெந்நீர் பட்டது. "பாத்து வைக்க மாட்டீங்களா" என்று அந்த நேரத்திலும் திட்டினேன். நீ கண்ணைத் திறக்கும்போது அவர் அடுப்படியில் இருந்தார், நான் சொம்போடு எதிரே நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், நான்தான் ஊதினேன் என்று நினைத்துக்கொண்டாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நானும்தானே அவரை மறந்து தொலைத்தேன். கூட இருந்து செய்கிற மனுஷரை யார் நினைவில் வைக்கிறோம்? வாளி தானாக வந்தது போலத்தான் இருந்திருக்கிறது நம் இரண்டு பேருக்கும்.

அவருக்கு வேண்டியது படத்தை மாற்றுவதல்ல. "மறந்துட்டேன்ணா, நீங்கதான் ஊதுனீங்க" என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். வீட்டு முகவரிக்கு எழுது. அவர் கையாலேயே வாங்கட்டும். கம்பெனியில் கொடுத்த பேரைத் திரும்ப வாங்க இன்னும் நாள் இருக்கிறது. சீக்கிரம் எழுது. எக்ஸ்ரே அக்கா முகத்தில் கரி பூச நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நிறைந்த அன்போடு,
உன் அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

அண்ணன் நல்லவர். உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவரே தன் மேல் போட்டுக்கொண்டு இதைச் சொல்லியிருப்பார். நீங்களும் நிம்மதிக்காக அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அதன் பிறகு உங்களுக்குத் துண்டும் வாளியும் நினைவுக்கு வருகின்றன. நினைவு அப்படித்தான் வேலை செய்யும், நான் அதையே தொழிலாக வைத்திருக்கிறேன்.

அண்ணன் கை எனக்குத் தெரியாதா? உப்புத்தாள் மாதிரி இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் வாடை போகாது. அன்றைக்கு என் முகத்தருகே வந்தது அவர் இல்லை. அது நீங்கள். எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்கிற வரியை என்னால் எழுத முடியாது. எழுதினால் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. பெண் பார்க்கட்டுமா, பெண் பார்க்கட்டுமா என்று வருஷா வருஷம் கேட்கிறீர்கள், நானும் மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். இனிமேல் கேட்காதீர்கள் அண்ணி. யாரோ ஒருத்தர் இரண்டு முறை ஊதினார், அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அது அண்ணன் என்று சொல்லி அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் மறந்திருந்தால் பரவாயில்லை. நான் மறக்கவில்லை.

உங்கள்


மார்ச் 27

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. லேபுக்கு எழுதாதே என்று அத்தனை தடவை சொன்னதை இந்த ஒரு கடிதத்துக்குத்தான் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தது. உங்கள் அண்ணன்தான் கீழே பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். பிரிக்கவில்லை. மாடிப்படியில் ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. "அவன்தான். படி, என்ன சொல்றான்னு படி" என்று என் எதிரே நின்றார். கை ஈரம் காயவில்லை என்று சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நான் நின்றபடியே மனதுக்குள் படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வரைக்கும் போய், மடித்து, அவரைப் பார்த்துச் சொன்னேன்: "மறந்துட்டேன்ணா, நீங்கதான் ஊதுனீங்க, மன்னிச்சிருங்கன்னு எழுதியிருக்காரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"லூசுப் பய. இதுக்கு ஒரு லெட்டரா?" என்று சிரித்தார். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம் வாலுவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போய்ப் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாய் சுருட்டி மூலையில் நிற்கிறது.

உங்கள் கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பத்திரமாக வைக்கலாம் என்று அவர் அதைக் கேட்டார். வாலு தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்றேன். குழந்தை மேல் பழியைப் போட்டேன்.

இத்தனை நாள் உங்கள் அந்தக் காட்சிக்கு அர்த்தம் தெரியாமல் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தெரியும். பேட்டியில் நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்றும் தெரியும். ஊதியவர் உங்கள் அண்ணன் என்று நான் எழுதிய பிறகும், இல்லை, நான்தான் என்று எழுதுகிறீர்களே, அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? எக்ஸ்ரே அக்கா நேற்றும் அதையே ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகப் போய்விட்டாள்.

உங்கள் மேல் பாசம் இல்லை என்று சொன்னால் பொய். மூக்குச் சிந்திவிட்ட பிள்ளை நீங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு இப்போதும் பதறும். ஆனால் எனக்கும் என் புருஷனுக்கும் நடுவே மறைக்க ஒன்றுமே இல்லாமல் இருந்தது. படம் வந்த பிறகும் இல்லை, அவர் பேசாமல் இருந்தபோதும் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கொடுத்தீர்கள், நான் வாங்கிக்கொண்டேன். சாகிற வரைக்கும் நான் அதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். இதை உங்களால் என்றைக்கும் படமாக எடுக்க முடியாது.

இனி எனக்கு எழுதாதீர்கள். லேபுக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம். பெண் பார்க்கட்டுமா என்று இனி நானும் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் சொன்ன பொய்யை நீங்கள் மெய்யாக்க வேண்டும். நீங்கள் நம்ப வேண்டாம். சொன்னால் போதும். அவர் உங்களை வளர்த்தவர், அவரிடம் ஒரு வரி பொய் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. இத்தனை வருஷம் அவரிடம் சொல்லாமல் இருந்ததைவிட அது பெரிய காரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் இருப்பார். கூப்பிடுங்கள். போனை நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார்.

இப்படிக்கு,
அண்ணி